ஏழாம் நம்பர் பொத்தான்

ஜெயத்தின் புருஷன் லோகநாதன் வாய் பேசிப் பிழைத்தவர். ஆரணியில் எந்தக் கொட்டகையில் படம் மாறுகிறது, எந்தப் பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடி, யார் வீட்டுப் பசுமாடு கட்டை அறுத்துக்கொண்டு போனது, எல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். காத்தவராயனின் சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு புனல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, காலடியில் பேட்டரியை வைத்துக்கொண்டு, கொசப்பாளையத்தில் ஆரம்பித்து எங்கள் ஊர் சைதாப்பேட்டை வரைக்கும் போவார். "ஆரணி வாழ் அன்பார்ந்த பெருமக்களே" என்று அவர் இழுக்கும்போது, தறியில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. நான் தமிழ் டீச்சர். எனக்கு முன்கோபம் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். நான் செய்யுள் நடத்துகிற நேரம் பார்த்து அந்த ரிக்‌ஷா மதில் ஓரமாக வந்து நிற்கும். வேண்டுமென்றேதான் நிறுத்துவார். உள்ளே கணக்கு டீச்சராக ஜெயம் இருக்கிறாளே. எழுபத்து நாலில் கல்யாணமான புதிதில், படத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு, "கணக்கில் புலிகளான தாய்மார்களும் வந்து கண்டு களியுங்கள்" என்று சேர்த்துச் சொல்வார். வகுப்பே சிரிக்கும். ஜெயம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலுக்கே போய், "உங்களுக்கு ஊர்ல வேற தெருவே இல்லியா?" என்று சத்தம் போட்டேன்.

"கீதுங்க டீச்சர். ஆனா அந்தத் தெருவுல என் பொண்டாட்டி இல்லியே" என்றார்.

அந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியாது. நான் திட்டத் திட்ட அவருக்குக் குஷிதான் ஏறும்.

இரண்டு பேருமே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். ஜெயம் படித்து வேலைக்கு வந்தாள். லோகநாதன் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு மைக்கைப் பிடித்தார். அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர் அண்ணன் வீரபாகு. தறியை விட்டு எழுந்திருக்காத மனிதர், எழுதப் படிக்கத் தெரியாதவர், தம்பி என்றால் உயிர். ஜெயத்துக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது, அவர்கள் பேசவில்லை.

எண்பத்தாறில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு சர்க்கார் திட்டத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு டீச்சர்தானே என்று ஜெயத்தைக் கோடை விடுமுறையில் மெட்ராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். லோகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலேயே, "நமது ஆரணியில் கம்ப்யூட்டர் வந்திறங்கிய பள்ளிக்கூடம்" என்று ஒரு வாரம் தெருத் தெருவாக அறிவித்தார்.

அந்த வருஷம் ஆடி மாதம் படவேட்டுத் திருவிழா ஸ்பெஷல் பஸ்களைப் பற்றி மார்க்கெட் ரோட்டில் அறிவித்துக்கொண்டு போகும்போது பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று காத்தவராயன் நினைத்திருக்கிறான். ரிக்‌ஷாவை ஓரங்கட்டி, இறங்கிப் பின்னால் வந்து பேட்டரி ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மைக் கையிலேயே இருந்தது.

பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. அதோடு எழுத்தும் போயிற்று. பேப்பரைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், அவர் மனசில் இருப்பதுதான் வெளியே வராது. தலையாட்டலாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. சாப்பிடுறீங்களா என்று கேட்டால் வேணும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டுவார். தான் ஆட்டியது தப்பு என்று தெரிந்து கண் கலங்குவார். ஜெயம் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய், அவர் என்ன கேட்கிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் எனக்குக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். டைப்ரைட்டர் மாதிரிப் பலகை. அதன் மேல் வரிசையில் சிவப்பாகப் பத்து பொத்தான், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை.

"இந்தச் சிவப்புக்கு மட்டும் சொந்த எழுத்து கிடையாதுக்கா. ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இங்கிலீஷ்ல கீன்னு தட்டி, நம்பரப் போட்டு, பக்கத்துல நாம ஒரு வாக்கியத்த எழுதி வச்சிடணும். அப்புறம் அந்த ஒரு பொத்தான அழுத்தினா போதும், மொத்த வாக்கியத்தயும் அதுவே எழுதிடும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்கும் புரிந்தது.

மறுநாளே காத்தவராயன் அதே ரிக்‌ஷாவில் லோகநாதனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தான். தலைமையாசிரியை அனுமதி கொடுத்திருந்தார். ஜெயம் ஒன்றாம் நம்பர் பொத்தானில் தண்ணி வேணும் என்று எழுதிவைத்தாள். அந்த மிஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுதவேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கடைசியில் வரியை முடிக்கும் குறியையும் போட்டிருந்தாள். லோகநாதனின் இடது கை விரலைப் பிடித்து அழுத்தவைத்தாள். தண்ணி வேணும் என்று வந்தது. அதற்குக் கீழேயே மிஸ்டேக் என்று ஒரு வார்த்தை வந்து நின்றது. அது கட்டளை இல்லையாம், மிஷினுக்குப் புரியவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷன் தண்ணீர் கேட்டால் தப்பு என்று சொல்கிற இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றேன். ஜெயம் அந்த முடிக்கும் குறியை எடுத்துவிட்டாள். அப்புறம் வாக்கியம் மட்டும் வந்தது. வாக்கியத்துக்கு முன்னால் பீப் என்று ஒரு சத்தமும் வரும்படி செய்தாள்.

அவருக்கு எழுத்து மறந்துபோயிற்றே என்று, பொத்தான்களுக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் பட்டையின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, படம் வரைந்துவைத்தாள். தண்ணிக்குத் தம்ளர். பசிக்குத் தட்டு. காற்றுக்கு ஃபேன். திரையில் வருவதை யாராவது சத்தமாகப் படித்துச் சொல்லவேண்டும். அவர் அதைக் கேட்டு ஆமாம் என்பதுபோல மூச்சு விடுவார்.

"இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? அட்டையில படம் வரஞ்சு குடுத்தா தொட்டுக் காட்டிட்டுப் போறாரு" என்றேன் நான்.

"குடுத்துப் பாத்தேன்க்கா. வீசி எறிஞ்சிட்டாரு" என்றாள்.

அவர் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அட்டையில் தொட்டுக் காட்டினால் நாம் குனிந்து பார்த்து அவருக்காகச் சொல்லவேண்டும். இங்கே அவர் அழுத்தினால் சத்தம் வருகிறது, வார்த்தை ஓடுகிறது, அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த ஆளுக்கு அது வேண்டியிருந்தது.

பூஜ்யம் நம்பரில் ஒரு மைக் படம் வரைந்து, ஆரணி வாழ் அன்பார்ந்த பெருமக்களே என்று எழுதிவைத்தாள். அதை முதல்முதலில் அழுத்திய அன்று லோகநாதன் அழுதார், காத்தவராயன் வெளியே போய் நின்றுகொண்டான். ஒன்பதாம் நம்பரில் ஒரு பொட்டு. அதை அழுத்தினால் ஜெயம் என்று வரும். அவர் அதிகமாக அழுத்தியது அந்தப் பொட்டைத்தான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் அழுத்துவார். "இங்கதான கீறேன், இன்னா சொல்லுங்க" என்பாள். சொல்ல ஒன்றும் இருக்காது. மறுபடியும் அழுத்துவார்.

ஒரு விஷயம். சுவிட்சை அணைத்தால் அந்த மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். பத்து பொத்தானும் வெறும் பொத்தானாகிவிடும். டேப்பில் பதிந்து வைக்கலாமாம், ஆனால் எங்களுக்கு வந்த டேப்ரெக்கார்டர் பாதி நாள் பதியாது. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஜெயம் முதலில் உட்கார்ந்து பத்து வாக்கியத்தையும் புதிதாகத் தட்டுவாள். நடுவில் கரெண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. முகம் சுளிக்கமாட்டாள். அன்றன்றைக்குத் தோன்றுவதையும் மாற்றி எழுதிவைப்பாள். ஒரு நாள் என் தலையைப் பார்த்ததும் லோகநாதன் ஒரு பொத்தானை அழுத்தினார். தமிழ் டீச்சருக்கு வேற தெருவே இல்லியா என்று வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்தார்கள். நான் கோபப்பட்ட மாதிரி நடித்தேன். அந்த அறையில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நான் சத்தியம் செய்து சொல்வேன்.

ஏழாம் நம்பரும் விளையாட்டாக வந்ததுதான். மாதத்துக்கு இரண்டு முறை அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி. பஸ்ஸில் தூக்கி ஏற்றவேண்டும், கண்ணமங்கலம் தாண்டும்வரை குலுங்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். பேச்சுப் பயிற்சி நடக்கும்போதுதான் உடைந்துவிடுவார். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்பார்கள், பொறுமையாகத்தான் கேட்பார்கள். வாசலில் ஜனங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வாயிலிருந்து ஒரு கோணல் சத்தம் வரும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடமாட்டார். வேலூர் என்ற பேச்செடுத்தாலே முகம் கறுத்துவிடும். அதைப் பார்த்து ஜெயம் ஒரு பஸ் படம் வரைந்து, ஏழாம் பொத்தானில் வேலூர் வேணாம் என்று எழுதிவைத்தாள். அவர் அழுத்துவார், ஜெயம் படிப்பாள், "சரி, அடுத்த வாட்டி பாக்கலாம்" என்று சிரிப்பாள், ஆனால் கூட்டிப்போய்விடுவாள்.

எண்பத்தெட்டு தை மாதம் டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் கழுத்தில் அடைத்திருக்கிறது. விட்டால் இன்னொரு முறை வரலாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதிலும் ஆபத்து உண்டு, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஜெயம் அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். அடைப்பு நீங்கினால் குரல் திரும்பிவிடும் என்று அவளாகவே நம்பிவிட்டாள்.

"அந்தப் பீப் சத்தம் இல்லாம, அவரு வாயால என் பேரு ஒரு வாட்டி கேட்டாப் போதும்க்கா" என்று என்னிடம் சொன்னாள்.

லோகநாதன் ஏழாம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். இப்போது அதில் விளையாட்டு இல்லை. அவள் ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே விரல் பஸ் படத்துக்குப் போகும். வீரபாகுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர் சொல்லாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது.

"கழுத்துல கத்தி வைக்கறதுன்னா வேணாம்மா. உசுரோட கீற வரைக்கும் கண்ணால பாத்துகினு இருந்தாப் போதும்" என்றார். ஜெயம் விடவில்லை. கடைசியில் பேஜாராகி, "அவன் உசுரு அது. அவன் சொல்லட்டும். மிஷின்ல பேசறான்னு சொல்றியே, அதுல சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றார்.

அன்றைக்கு ஜெயம் செய்ததை எனக்கு அவள் பின்னால்தான் சொன்னாள். ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துச் சொல்கிற கதை இல்லை இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரியவர் வருவதற்கு முன்னால், வழக்கம்போல் உட்கார்ந்து பத்து வாக்கியத்தைத் தட்டினாள். ஏழு வந்தபோது, வேலூர் வேணாம் என்பதற்குப் பதிலாக, சரி வேலூர் போலாம் என்று தட்டினாள். மேலே இருந்த பஸ் படத்தைத் தொடவில்லை.

என்னையும் வரச் சொல்லியிருந்தாள், பெரியவருக்குப் படித்துச் சொல்வதற்கு. அவள் படித்தால் இட்டுக்கட்டியதாக நினைப்பாராம். எந்தப் பொத்தானில் எந்த வாக்கியம் என்று நான் என்றைக்கும் கவனித்ததில்லை. திரையில் வருவதைத்தான் படிப்பேன். அவர் அத்தனை நாளும் வேண்டாம் என்று அழுத்தியது எனக்கு அப்போது தெரியாது. வீரபாகு தோளில் துண்டோடு, தம்பிக்கு எதிரில் மாணவிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டேய் லோகு. ஆப்ரேசன் பண்ண வேலூருக்குக் கூப்புட்றாங்க. போறியா, வேணாமா? நீ சொல்றதுதான்" என்றார்.

லோகநாதன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். நிம்மதியாகத்தான் பார்த்தார். கடைசியில் கேட்கிறதற்கு ஒருவர் வந்துவிட்டார் அல்லவா. விரல் நேராக பஸ் படத்துக்குப் போய் அழுத்தியது. பீப் என்றது. நான் என் வகுப்பறைக் குரலில் சத்தமாகப் படித்தேன்.

"சரி, வேலூர் போலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். மறுபடியும் அழுத்தினார். அதே வரி பக்கத்திலேயே ஓடியது. நான் மறுபடியும் படித்தேன். அவர் இன்னும் பலமாக அழுத்தினார். சரி வேலூர் போலாம், சரி வேலூர் போலாம், சரி வேலூர் போலாம் என்று திரை நிறைந்துகொண்டே போயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று அவர் கத்தக் கத்த, சரி சரி என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். தொண்டையிலிருந்து அந்தக் கோணல் சத்தமும் வந்தது. அது ஆசையில் வருகிற சத்தம் என்றுதான் எங்களுக்குப் பட்டது.

"போதும்டா, போதும். எவ்ளோ அவசரம் பாரு இவனுக்கு" என்று வீரபாகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜல்தியா ஏற்பாடு பண்ணும்மா. நான் குறுக்க நிக்கல."

லோகநாதன் விரலை எடுத்தார். ஜெயத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று ஜெயம் சொல்கிறாள். அவர் இடது கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயம் பழைய வாக்கியத்தையே ஏழில் எழுதிவைத்தாள். அவர் அழுத்தியிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன் என்று என்னிடம் சொன்னாள். அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்ளர் படத்தைக்கூடத் தொடவில்லை. "என்னக் கூப்புடுங்க" என்று அவளே அவர் விரலைப் பிடித்துப் பொட்டின் மேல் வைத்தாள். விரல் அப்படியே கிடந்தது, அழுத்தவில்லை. அப்புறம் ரிக்‌ஷா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவர் இப்போது வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மாசி மாதம் வேலூருக்குக் கூட்டிப்போனாள். ஆபரேஷன் முடிந்து அவர் கண் விழிக்கவில்லை. டாக்டர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லவேண்டியதை முன்பே சொல்லியிருந்தார்கள்.

காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் வீரபாகு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "யாரும் அவன வற்புறுத்தலீங்க. என் கண்ணு முன்னால அவனே அழுத்தினான். திரும்பத் திரும்ப அழுத்தினான், போலாம் போலாம்னு. டீச்சரு படிச்சாங்க." அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. ஜெயம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டாள். திதி கொடுத்த மறுநாள் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவரிடமும் சொல்லிவிட்டாளாம். அவர் நம்பவில்லையாம், துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று தலையைத் தடவிக்கொடுத்தாராம். "நீங்களும் வாங்கக்கா. காட்டினாத்தான் நம்புவாரு" என்றாள்.

மறுபடியும் அதே அறை. வீரபாகு அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பஸ் படம் போட்ட காகிதத் துண்டு இன்னும் பட்டைக்கு அடியில் இருந்தது. ஜெயம் சுவிட்சைப் போட்டு, நட்சத்திரக் குறியிலிருந்து ஆரம்பித்து ஒரு வரி தட்டினாள். ஏழாம் பொத்தானை அழுத்தினாள். பீப் என்றது. படியுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வேலூர் வேணாம்" என்று படித்தேன்.

"இதான் மாமா. அவரு எப்பவும் சொன்னது இதான். அன்னிக்கி நான்தான் மாத்திட்டேன்" என்றாள் ஜெயம்.

வீரபாகு திரையை வெகுநேரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் என்னத்தைப் பார்த்தாரோ. பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது இப்ப நீ எழுதி வச்சதும்மா. என் கண்ணு முன்னால எழுதினியே. அன்னிக்கி அவன் கையால சொன்னான், நான் காதால கேட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. வீட்டுக்கு வா, ரெண்டு வாய் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை தட்டியது அன்றைக்கே சுவிட்சோடு போய்விட்டது. ஜெயம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களாவது என்னத் திட்டுங்கக்கா" என்றாள்.

ஊரையே திட்டுகிறவள் நான். லோகநாதனை எத்தனை முறை திட்டியிருப்பேன். அன்றைக்கு வகுப்பறைக் குரலில் படித்தவளும் நான்தான். ஜெயம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு சுவிட்சை அணைத்தாள்.